வேகமும் வந்துசேர்தலும்

தமிழில் கிரகங்களைப் பற்றி எழுதுகிறவனிடம் தூரத்தைச் சொல்ல ஒரு எண் இருக்கிறது. வேகத்தைச் சொல்லவும் ஒரு எண் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கழிகிற காலத்தைச் சொல்லவேண்டி வரும்போதுதான் அவன் தடுமாறுகிறான். அந்த இடத்தில் ஒரு ஆச்சரியக்குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறான். கவிஞனானால் எல்லையற்ற வெளி என்கிறான். வாரப் பத்திரிகையில் விஞ்ஞானக் கட்டுரை எழுதுகிறவனானால் கற்பனைக்கும் எட்டாத வேகம் என்கிறான். ஒருவன் எண்ணைக் கண்டு ஓடுகிறான். மற்றவன் எண்ணை வாசகன் தலையில் கொட்டுகிறான். எனக்கு இரண்டும் ஒரே காரியமாகத்தான் படுகிறது. இருவருக்கும் எண் என்பது பிரமிப்பு உண்டாக்கும் சாமான். அதற்குள் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் தன் எழுத்தே வேறு மாதிரி ஆகிவிடக்கூடும் என்கிற பயமோ ஆசையோ இருவரிடமும் இல்லை.

இதை விஞ்ஞானக் கல்வி போதாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. விஞ்ஞானத்தைத் தமிழில் சொன்னவர்கள் இருந்திருக்கிறார்கள். 1986-ல் மறைந்த பெ.நா. அப்புஸ்வாமி ஒரு ஆயுட்காலம் முழுக்க அந்தக் காரியத்தைப் பொறுமையாகச் செய்தார். பின்னால் சுஜாதா அதைச் சுறுசுறுப்பாகச் செய்தார். தகவல் வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தகவல் நம் இலக்கியத்தின் தோலுக்குக் கீழே இறங்கவில்லை என்பதுதான் என் புகார். 1969-ல் மனிதன் நிலவில் கால் வைத்தபோது தமிழில் கவிதைகள் குவிந்தன. நான் படித்த அளவில் அவற்றில் பெரும்பாலானவை நிலவைப் பெண்ணாக்கி, கால் வைத்தவனைக் காதலனாக்கி, பழைய வீட்டுக்குப் புது வெள்ளை அடித்தவை. அந்தப் பயணம் நாலு நாள் பிடித்தது என்பது அவற்றில் எதற்கும் தேவைப்படவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது தூரத்தை வேகத்தால் வகுப்பது. பூமிக்கும் செவ்வாய்க்கும் மிகக் குறைந்த தூரம் ஏறக்குறைய 5.5 கோடி கிலோமீட்டர். வாயேஜர்-1 விநாடிக்கு 17 கிலோமீட்டர், அதாவது மணிக்கு 61 ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. வகுத்தால் 38 நாள்கூட வராது. பத்திரிகைக் கட்டுரைகள் இந்த வகுத்தலைத்தான் காருக்கும் விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் மாறி மாறிச் செய்து பட்டியல் போடுகின்றன. பட்டியல் சுவாரஸ்யமாக இருக்கும். ஆனால் அந்த வழியில் இதுவரை யாரும் செவ்வாய்க்குப் போனதில்லை.

மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் பிடிக்குள் சென்றது. பூமியையே சுற்றிச் சுற்றித் தன் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்ட முதல் மாதத்தைக் கழித்துவிட்டால், வழியில் இருந்தது ஏறக்குறைய 300 நாள். கடந்த பாதை 60 கோடி கிலோமீட்டருக்கும் மேல். வகுத்தல் கணக்கு சொன்ன தூரத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் அது நடக்க வேண்டியிருந்தது.

ஏன் இப்படி? எதுவும் நின்றுகொண்டிருக்கவில்லை என்பதால். இந்தப் பக்கத்தை நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும் வாசகர், பூமியோடு சேர்ந்து, சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். வாயேஜரின் வேகம் இதில் பாதிக்குச் சற்றுத்தான் அதிகம். செவ்வாய் விநாடிக்கு 24 கிலோமீட்டர் ஓடுகிறது. கிளம்புகிற ஊரும் ஓடுகிறது, போய்ச் சேர வேண்டிய ஊரும் ஓடுகிறது. ஆகவே ராக்கெட்டைச் செவ்வாயைப் பார்த்து யாரும் விடுவதில்லை. 300 நாள் கழித்துச் செவ்வாய் வரப்போகிற, இப்போதைக்குக் காலியாக இருக்கிற ஒரு இடத்தைப் பார்த்து விடுகிறார்கள். விடுகிறார்கள் என்பதுகூடச் சரியில்லை, எறிகிறார்கள். மங்கள்யானின் பிரதான எஞ்சின் 2013 டிசம்பர் 1-ன் பின்னிரவில் 22 நிமிஷம் எரிந்து பூமியை விட்டு விலக்கியது. அதன் பிறகு தூங்கப் போய்விட்டது. 2014 செப்டம்பர் 22-ல் நாலு விநாடி எழுப்பி, உயிர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 24-ந் தேதி 24 நிமிஷம் எரிந்தது. இந்த முறை எரிந்தது வேகத்தைக் குறைப்பதற்காக. நடுவில் சிறிய எஞ்சின்களால் ஒன்றிரண்டு திருத்தங்கள். ஆக 300 நாளில் பெரிய எஞ்சின் வேலை செய்தது முக்கால் மணி நேரம். மிச்சமெல்லாம் விழுதல். சூரியனைச் சுற்றி, சத்தமில்லாமல், ஒரு எறிகல் போல விழுதல்.

இந்த எறிதலுக்கும் நினைத்த நாளில் வாசல் திறக்காது. பூமியும் செவ்வாயும் தோதான கோணத்தில் வருவது 26 மாதத்துக்கு ஒருமுறை. இன்சைட் என்கிற அமெரிக்கக் கலம் 2016 மார்ச்சில் கிளம்பியிருக்க வேண்டியது. அதன் கருவி ஒன்றில் கசிவு. கசிவை அடைக்க 26 மாதம் தேவைப்படவில்லை. ஆனாலும் 2018 மே மாதம்வரை காத்திருந்துதான் கிளம்ப முடிந்தது. முகூர்த்தம் தவறிவிட்டால் அடுத்த முகூர்த்தம்தான். நம் ஊரில் எந்தக் கிழவிக்கும் இது புரியும். 'கற்பனைக்கும் எட்டாத வேகம்' என்று எழுதுகிறவனுக்குத்தான் புரியாது.

ஆகவே வேகம் என்பது இந்த யாத்திரையில் இரண்டு ஓரங்களில் மட்டும் உள்ள விஷயம். ஒன்று விடுபடுவதற்கு, மற்றது நிற்பதற்கு. விடுபடுவதைப் பற்றி நம்மிடம் எழுத்து இருக்கிறது. நிற்பதைப் பற்றி இல்லை. இந்த இடத்தில்தான் விஷயம் இலக்கிய விமர்சனத்துக்குள் வருகிறது என்று நினைக்கிறேன். அதற்குப் புதன் கிரகம் நல்ல உதாரணம்.

மாரினர்-10 என்ற கலம் 1973 நவம்பர் 3-ல் கிளம்பி, 1974 மார்ச் 29-ல் புதனைக் கடந்தது. ஐந்து மாதத்துக்கும் குறைவு. மெஸஞ்சர் என்ற கலம் 2004 ஆகஸ்ட் 3-ல் கிளம்பி, 2011 மார்ச் 18-ல் அதே புதனைச் சுற்ற ஆரம்பித்தது. ஆறு வருஷம் ஏழு மாதம். முப்பது வருஷத்தில் ராக்கெட் மோசமாகிவிட்டதா? மாரினர் கடந்து போனது, மெஸஞ்சர் தங்கியது. வித்தியாசம் அவ்வளவுதான். சூரியன் பக்கமாக விழுகிற பொருள் வேகம் கூடிக்கொண்டே போகும். அந்த வேகத்தோடு புதனிடம் போனால் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபக்கம் வெளியேறிவிட வேண்டியதுதான். தங்க வேண்டுமானால் வேகத்தை இழக்க வேண்டும். இழப்பதற்கு எரிபொருள் போதாது. அதனால் மெஸஞ்சர் பூமியை ஒரு முறையும் வெள்ளியை இரண்டு முறையும் புதனையே மூன்று முறையும் உரசிக்கொண்டு போய், ஒவ்வொரு உரசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பாதையைச் சுருக்கிக்கொண்டது. கிட்ட வரும்போது 8 கோடி கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிற ஒரு கிரகத்தை அடைய 790 கோடி கிலோமீட்டர் நடந்தது. பிறகு நாலு வருஷம் அங்கேயே இருந்தது.

மாரினர் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. அது ஒரு முறையோடு விடவில்லை. 1974 மார்ச், செப்டம்பர், 1975 மார்ச் என்று மூன்று முறை புதனைக் கடந்தது. ஆனால் மூன்று முறையும் வெயில் பட்டிருந்தது அதே பக்கம். மூன்று சந்திப்புக்குப் பிறகும் புதனின் பாதி முகம்கூட முழுசாகத் தெரியவில்லை.

நம் புதுக்கவிதையில் நிறைய மாரினர்கள் இருக்கிறார்கள். ஒரு விஷயத்தை வேகமாக அணுகுகிறார்கள், ஒரு படிமத்தை எடுத்துக்கொள்கிறார்கள், மறுபக்கம் வெளியேறிவிடுகிறார்கள். அடுத்த தொகுதியில் மறுபடி அதே விஷயம், மறுபடி அதே வெளிச்சம் பட்ட பக்கம். கச்சிதம், சுருக்கம், மின்னல் என்று நாமும் பாராட்டிவிடுகிறோம். சுருக்கத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. சுருக்கமாக எழுதியும் விஷயத்திடம் தங்கியவர்கள் உண்டு. வேகம் குறையாமலே சேர்ந்துவிட்டதாக நினைப்பதுதான் எனக்கு ஏற்காதது. நியூ ஹொரைஸன்ஸ் 2006 ஜனவரி 19-ல், அதுவரை பூமியை விட்டு எதுவும் கிளம்பாத வேகத்தில் கிளம்பிற்று. நிலவுக்குப் போகிற தூரத்தை ஒன்பது மணி நேரத்தில் கடந்தது. ஒன்பதரை வருஷம் போய் 2015 ஜூலை 14-ல் புளூட்டோவை அடைந்தது. அடைந்து, விநாடிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. நிற்க அதற்கு வழியே இல்லை. அனுப்பியவர்களுக்கு இது முதல் நாளிலிருந்து தெரியும். அந்தத் தெரிதல்தான் நம் எழுத்தில் கிடைப்பதில்லை.

இதையெல்லாம் நாம் தூரதேசத்துச் சமாசாரமாக வைத்துக்கொண்டிருப்பதுதான் பெரிய விநோதம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். இன்று திருப்பத்தூர் மாவட்டம். 2019 வரை வேலூர் மாவட்டம். அதற்கு முன் வட ஆர்க்காடு. ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் தோல் ஊறவைத்துக்கொண்டிருக்கிற அதே சீமையின் மேற்கூரை என்று சொல்லலாம். வேணு பாப்பு, கோடைக்கானல் வானத்தில் மேகம் அதிகம் என்று கண்டு, தெற்கு வானமும் தெரிகிற மலை ஒன்றைத் தேடி இங்கே வந்தார். 1968-ல் ஒரு சிறிய தொலைநோக்கி. 1972-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்துக்கு முன்னால் நகர்ந்து அதை மறைக்கப்போகிறது என்று கணக்கு சொல்லியது. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அளந்துகொண்டிருந்தார்கள். கிரகம் வந்து மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே, நட்சத்திரம் சில விநாடிகள் மங்கி மீண்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணைக்கோள் குறுக்கே போயிருக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். இந்துமகா சமுத்திரத்தின்மேல் விமானத்திலிருந்து பார்த்தவர்களுக்கும் இதே மாதிரி மங்கல்கள் கிடைத்திருந்தன. அவை கிரகத்தின் இரண்டு பக்கமும் ஒத்துப்போயின. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்தது.

அப்போது வாயேஜர்-2 இன்னும் தரையில் நின்றுகொண்டிருந்தது. ஐந்து மாதம் கழித்து, 1977 ஆகஸ்ட் 20-ல்தான் கிளம்பியது. 1979 ஜூலையில் வியாழன், 1981 ஆகஸ்டில் சனி, 1986 ஜனவரி 24-ல் யுரேனஸ். காவலூரில் சில விநாடி மங்கலாகக் கிடைத்த வளையத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர அதற்கு எட்டு வருஷம் ஐந்து மாதம் ஆயிற்று. அதுவும் குறுக்கு வழி. வெளிக்கிரகங்கள் ஏறக்குறைய 176 வருஷத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும் வரிசையைப் பயன்படுத்தி, வியாழனின் ஓட்டத்திலிருந்து கொஞ்சமும் சனியின் ஓட்டத்திலிருந்து கொஞ்சமும் வேகத்தைக் கடனாக வாங்கிக்கொண்டு போனது. கடன் வாங்காமல் நேரே போவதென்றால் யுரேனஸுக்கே ஏறக்குறைய 16 வருஷம். நெப்டியூனுக்கு 30 வருஷம். அது யுரேனஸிலிருந்து அனுப்பிய படங்கள் பூமிக்கு வர 2 மணி 45 நிமிஷம். கலம் போக எட்டரை வருஷம். ஒளி வர மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. காவலூரில் இருந்தவர்களுக்கோ கிரகமே நகர்ந்து வந்து தன் வளையத்தைக் காட்டிவிட்டுப் போயிற்று. அவர்கள் செய்தது சரியான இடத்தில் சரியான நேரத்தில் விழித்திருந்தது.

அந்த 1986 ஜனவரி ஒரு அபூர்வமான மாதம். 6-ந் தேதி காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி அர்ப்பணித்தார். கண்ணாடியை இழைத்தது முதல் எல்லாம் இந்த நாட்டிலேயே செய்தது. அதைத் திட்டமிட்ட வேணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டிருந்தார். அவர் பெயரைத் தொலைநோக்கிக்கும் நிலையத்துக்கும் வைத்தார்கள். பதினெட்டு நாள் கழித்து வாயேஜர் யுரேனஸைக் கடந்தது. இன்னும் பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 9-ல், ஹாலி வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கித் திரும்பியது. எட்டு வருஷப் பயணம் ஒன்று, எழுபத்தாறு வருஷப் பயணம் ஒன்று, திட்டமிட்டவனை விடவும் நீண்டு நின்ற ஒரு கண்ணாடி. மூன்று வேறுவேறு காலங்கள் முப்பத்தைந்து நாளுக்குள் வந்து கூடின, அதில் ஒன்று நம் தோல் ஊர்களுக்கு மேலே உள்ள மலையில். இது தமிழ்க் கவிதைக்கோ சிறுகதைக்கோ ஏதாவது செய்ததா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

ஹாலி முந்தைய தடவை வந்தபோது அப்படி இல்லை. 1910-ல் பாரதி 'சாதாரண வருஷத்துத் தூமகேது' எழுதினார். எழுபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை அது வரும் என்கிற கணக்கு அந்தக் கவிதையிலேயே இருக்கிறது. கணக்கைச் செய்யுளுக்குள் விட அவர் கூச்சப்படவில்லை. அதோடு, நம் நூல்களை நாம் மறந்துவிட்டோம், உன்னைப் பற்றி அந்நியர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம் என்று அந்த வால்நட்சத்திரத்திடமே வெட்கப்படுகிறார். அந்த வெட்கம்தான் கவிதையின் உயிர் என்று எனக்குத் தோன்றும். 1986-ல் அந்த வெட்கத்துக்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. சொல்வதற்கு அந்நியர் தேவைப்படாத ஒரு மலை நமக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் வெட்கம் போன இடத்தில் அறிவு வந்து உட்காரவில்லை. அலட்சியம் வந்து உட்கார்ந்தது.

இன்னும் பின்னால் போகலாம். புறநானூற்றின் முப்பதாம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. சூரியனின் பாதை, அதன் இயக்கம், அது சுற்றும் வட்டம், காற்று போகும் திசை, எதிலும் தொங்காமல் நிற்கிற வானம் இவற்றையெல்லாம் நேரே போய் அளந்து வந்தவர்களைப்போல இவ்வளவு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஆரம்பிக்கிறது. போகாமலே போனவர்களைப்போல. காவலூருக்கு இதைவிட நல்ல விவரணை எனக்குத் தெரியவில்லை. அவர்களுடைய அறிவாலும் உன் அடக்கத்தை அறிய முடியாது என்று பாட்டு அரசனிடம் திரும்புகிறது. அந்த அடக்கத்துக்கு உவமை, யானை தன் கதுப்பில் ஒளித்துவைத்திருக்கும் எறிகல். பிறகு அவன் நாட்டைச் சொல்லும்போது, பாயை இறக்காமலும் பாரத்தைக் குறைக்காமலும் புகார்த் துறைக்குள் நுழைகிற பெரிய கப்பல்களைச் சொல்கிறது.

இந்தப் பாட்டை வீரப் புகழ்ச்சி என்று வகைப்படுத்திவிட்டுப் போவது வழக்கம். அதன் உள்கட்டை யாரும் கவனிப்பதில்லை. வான அளவு, எறியப்படாத கல், வேகம் குறைக்காமல் துறை சேரும் கப்பல். மூன்றும் இயக்கத்தைப் பற்றியவை. இயக்கத்தின் மூன்று நிலைகள். ஒன்று அளக்கப்பட்டது, ஒன்று அடக்கிவைக்கப்பட்டது, ஒன்று முடிவுக்கு வந்தது. கப்பல் பாயை இறக்காமல் உள்ளே வர முடிகிறது என்றால் அது கப்பலின் பெருமை ஆகாது. துறையின் ஆழம் அது. பாடியவருக்குக் கப்பல் எப்படி நிற்கும் என்று தெரிந்திருக்கிறது. சாதாரணமாகப் பாயை இறக்கித்தான், பாரத்தைக் குறைத்துத்தான் உள்ளே வர முடியும் என்று தெரிந்தவர்தான் இறக்காமல் வருவதைப் பெருமையாகச் சொல்ல முடியும். கிரகங்களுக்கு இடையில் புகார் இல்லை. அங்கே ஒவ்வொரு கலமும் பாயை இறக்க வேண்டியிருக்கிறது, அல்லது கடந்து போய்விட வேண்டியிருக்கிறது. பழம்புலவனுக்கு இருந்த அந்தத் துறைமுக அறிவு, பாய்க்கும் பாரத்துக்கும் தண்ணீர் ஆழத்துக்கும் உள்ள உறவு பற்றிய ஸ்தூலமான அறிவு, நம் எழுத்தாளனிடம் எந்த விஷயத்தில் இருக்கிறது?

இருக்க வேண்டிய விஷயம் ஒன்று அவன் காலடியிலேயே இருக்கிறது. இந்தத் தோல் சீமையில் காலத்தைப் பற்றிய ஒரு பேச்சு உண்டு. உப்பிட்டு வந்த தோல் தண்ணீரில் ஊற வேண்டும். சுண்ணாம்புக் குழியில் கிடக்க வேண்டும். மயிர் நீக்கி, சதை சீவி, கழுவி, பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள் கணக்கில் மூழ்கிக் கிடக்க வேண்டும், கடைசியில் கடுக்காய். பழைய முறையில் ஒரு தோல் முழுசாகப் பதமாக வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் ஆள் செய்கிற வேலை கொஞ்சம். எடுப்பது, திருப்புவது, மறுபடி போடுவது, தொட்டுப் பார்ப்பது. மிச்சத்தைப் பட்டையும் தண்ணீரும் செய்துகொள்ளும். மங்கள்யானின் முக்கால் மணி நேரமும் 300 நாளும் இந்தக் குழிக்காரனுக்கு அந்நியமான கணக்காக இருக்காது. எப்போது கை வைக்க வேண்டும், எப்போது கை வைக்கக் கூடாது என்பதுதான் இரண்டிலும் வித்தை.

பிறகு குரோம் வந்தது, சுழலும் டிரம் வந்தது. குழியில் வாரக்கணக்கில் நடந்தது ஒரு நாளுக்குள் நடந்தது. வேகம் கிடைத்துவிட்டது. அதற்கான கணக்கு வேறு இடத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பாலாற்றங்கரையின் கிணறுகளில் அந்தக் கணக்கு ஏற்கனவே தெரிந்துபோயிருந்தது. குழிக் காலம் புண்ணிய காலம் என்று நான் சொல்லவரவில்லை. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவனின் கால்களைக் கேட்டால் தெரியும். உப்பும் கழிவும் பழைய முறையிலும் ஆற்றுக்குத்தான் போயின. நான் சொல்வது, கிடைத்த வேகத்தை எங்கோ, யாரோ, பின்னால் இழந்துதான் தீர்க்க வேண்டியிருக்கிறது என்பதை இந்தச் சீமை புத்தகம் படிக்காமலே தெரிந்துவைத்திருக்கிறது என்பதை. மெஸஞ்சர் ஆறு வருஷம் செலவழித்து இழந்தது. பாலாறு இன்னும் இழந்து முடிக்கவில்லை.

இந்தச் சீமையைப் பற்றி எழுதுகிறவர்களிடமும் நான் காண்பது அந்த மாரினர் பார்வைதான். நாற்றம், செத்த ஆறு, வெளிறிப்போன தொழிலாளி. மூன்று முறை கடந்து போனாலும் வெயில் பட்ட அதே பக்கம். ஒரு தோல் எத்தனை நாள் கிடந்தால் என்ன ஆகிறது, அந்த நாட்களில் மனிதன் என்ன செய்துகொண்டிருக்கிறான், நாட்கள் குறைந்தபோது அவனுக்குக் கிடைத்த மிச்ச நேரம் எங்கே போயிற்று என்பதற்குள் யாரும் தங்கவில்லை. மலை மேலே யுரேனஸுக்காக விழித்திருந்தவர்களைப் பற்றியும் எழுத்து இல்லை, மலையடிவாரத்தில் பட்டைத் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களைப் பற்றியும் எழுத்து இல்லை. இரண்டையும் தனித்தனிக் குறைகளாக நான் பார்க்கவில்லை. காலம் கழிவதை எழுதத் தெரியாத ஒரே குறை இரண்டு உயரங்களில் தெரிகிறது.

இதற்குப் பதிலாக யாராவது விஞ்ஞானக் கவிதை என்று ஒரு புதுக் கிளையை ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அது வேண்டாம். வாயேஜரும் குரோமும் கவிதையில் பெயர்களாக வருவதால் ஒன்றும் நடந்துவிடாது. முன்பு நிலவு வந்ததைப்போலவே அவையும் வந்துபோகும். நான் கேட்பது ஒரு பழக்கத்தை. ஒரு எண்ணைப் பார்த்தவுடன், இது நடக்கும்போது யார் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டுக்கொள்கிற பழக்கம். 300 நாள் என்றால், எஞ்சின் தூங்கிய அந்த நாட்களில் பெங்களூரில் கருவிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. 2014 செப்டம்பர் 24 காலையில் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்திருந்தபோது, எஞ்சின் எரிகிறதா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது. எரிந்து முடித்து வெளியே வந்து அது சொன்ன செய்தியும் வந்துசேரப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது, எதுவும் தெரியாமலும் இருந்தது. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வாயேஜர்-2 யுரேனஸைக் கடந்துபோன பிறகு வேறெந்தக் கலமும் அங்கே போகவில்லை. அந்தக் கிரகத்தைப் பற்றிக் கிட்டத்தில் நின்று நாம் அறிந்ததெல்லாம் அந்த ஜனவரியின் சில மணி நேரங்களில் கிடைத்தது. மறுபடி போக வேண்டுமானால், அதுவும் தங்குவதற்காகப் போக வேண்டுமானால், பத்து வருஷத்துக்கும் மேல் பிடிக்கும் என்கிறார்கள். மெதுவாகப் போனால்தான் தங்க முடியும் என்பதற்காக அதை ஒப்புக்கொள்ளவும் தயாராக இருக்கிறார்கள். அதை எண்ணிக் கிளம்புகிறவர்களில் சிலர், கலம் சேரும்போது உத்தியோகத்தில் இருக்க மாட்டார்கள். சிலர் உயிரோடும் இருக்க மாட்டார்கள். வேணு பாப்பு தன் கண்ணாடியில் வானத்தைப் பார்க்கவில்லை. இது அவர்களுக்குத் தெரியும், தெரிந்தே ஆரம்பிக்கிறார்கள். அடுத்த இதழுக்குள் ஒரு இயக்கத்தையே ஆரம்பித்து முடித்துவிட நினைக்கிற நம் வட்டத்தில், எட்டு வருஷம் ஐந்து மாதம் கழிவதை ஒரே ஒரு பக்கத்தில் யாராவது எழுதிக் காட்டட்டும். வேகத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.